ஒலிம்பஸ் 12-45 எம்.எம். எஃப்/4 புரோ: அரன் தீவுகளின் பாறைக் கரையில் கைப்பின்னல் உடைகளைப் படமெடுக்க ஒரு லென்ஸ்

கையால் பின்னிய ஸ்வெட்டரைப் படமெடுப்பவருக்கு இரண்டு வகைப் படங்கள் வேண்டும். உடை உடம்பில் எப்படி அமர்ந்திருக்கிறது, தோள் எங்கே இறங்குகிறது, விளிம்பு இடுப்பில் எங்கே நிற்கிறது என்று காட்டும் முழுப் படம் ஒன்று; நூலின் முறுக்கும் ஒவ்வொரு கண்ணியும் எண்ணிப் பார்க்கும்படி தெரிகிற நெருக்கப் படம் மற்றொன்று. வீட்டு ஜன்னலோரத்தில் எடுப்பதானால் இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அயர்லாந்தின் மேற்கே கால்வே விரிகுடாவின் வாயில் கிடக்கும் அரன் தீவுகளில், அட்லாண்டிக் காற்று உப்புத் துளிகளை வாரி இறைத்துக்கொண்டிருக்கும் பாறை விளிம்பில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றுவது கேமராவுக்குச் செய்யும் கொடுமை. அதனால்தான் ஒரே லென்ஸில் இரண்டு வேலையும் முடிகிற ஒன்றைத் தேடினேன். ஒலிம்பஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 12-45 எம்.எம். எஃப்/4 புரோ லென்ஸை அந்தக் கரையில் நிறையப் பயன்படுத்திய பிறகு, பின்னல் உடைகளுக்காக வெளியே செல்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021இன் தொடக்கத்தில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டதால், கடைகளில் இப்போது ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

லென்ஸின் எடை 254 கிராம். நான் இதைப் பொருத்தும் ஓ.எம்-5 கேமரா, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 414 கிராம். ஆக மொத்தம் முக்கால் கிலோவுக்கும் குறைவு. பையில் ஏற்கெனவே இரண்டு ஸ்வெட்டர்கள், ஒரு சால்வை, குடிநீர், மழைச்சட்டை என்று அடைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்குபவருக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. முழு ஃப்ரேம் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சாருள்ள) கேமராவின் அளவில் சொன்னால் இந்த லென்ஸ் 24 முதல் 90 மில்லிமீட்டர் வரை பார்க்கிறது. அகலமான முனையில் செங்குத்துப் பாறையும் கடலும் வானமும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் உடையைக் காட்ட வேண்டிய படத்தை அந்த முனையில் எடுக்க வேண்டாம் என்பேன். கிட்டே நின்று அகலமான கோணத்தில் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பூதாகரமாகி, பின்னால் இருக்கும் தோள் சுருங்கி, பின்னியவர் மாதக்கணக்கில் அளந்து அளந்து கொண்டுவந்த அளவுகள் படத்தில் பொய்யாகிவிடும். தூரத்தைக் கிட்டே காட்டும் 45 எம்.எம். முனைக்குப் போய் நான்கைந்து அடி பின்வாங்கி எடுத்தால் உடை தன் உண்மையான வடிவில் நிற்கிறது.

இந்த லென்ஸை நான் விரும்புவதற்கு முதற்காரணம் அதன் நெருக்கப் பார்வை. 45 முனையில் சென்சாரிலிருந்து 23 சென்டிமீட்டர் தொலைவு வரை கிட்டே போகலாம். அப்போது படத்தில் அடங்கும் பரப்பு சுமார் 7 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும்தான். அரன் ஸ்வெட்டருக்குரிய தடிமனான நூலில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிகள் என்ற வழக்கமான இறுக்கத்தில் பின்னியிருந்தால், படத்தின் குறுக்கே பன்னிரண்டு கண்ணிகள் நிற்கும். சாயமேற்றாத வெண்கம்பளியில் தோழி ஒருத்தி பின்னிய ஸ்வெட்டரின் நெஞ்சுப் பகுதியை இப்படி எடுத்தபோது, கேபிள் முறுக்கு (கண்ணிகள் ஒன்றையொன்று தாண்டிக் கயிறுபோல் புடைக்கும் பின்னல்) இடமிருந்து வலமாகத் தாண்டும் இடத்தில் அடியிலுள்ள கண்ணி இழுபட்டு நீண்டிருப்பதும், அதன் இருபுறமும் பர்ல் எனப்படும் மறுபக்கக் கண்ணிகள் பள்ளமாக ஒதுங்கிக் கேபிளை மேலே தூக்கிக் கொடுப்பதும், நூலிலிருந்து பிரிந்த மெல்லிழைகளின் நுனியில் கடல் தூவானம் மணிமணியாகக் கோத்து நிற்பதும் துல்லியமாகத் தெரிந்தன. கம்பளியில் எஞ்சியிருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசை தண்ணீரை உடனே உள்ளே விடுவதில்லை. அந்த மணிகளை அப்படியே எடுக்க முடிந்தது மேக்ரோ லென்ஸைத் தேடி நேரம் போக்காமல் ஜூம் வளையத்தைத் திருப்பியதால்தான். 12 முனையில் இன்னும் கிட்டே போய் 12 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் செய்யலாம் என்றாலும், அங்கே லென்ஸின் நிழலே பின்னல்மீது விழுந்துவிடுவதால் பின்னலுக்கு அது அவ்வளவாகப் பயன்படவில்லை.

அரன் ஸ்வெட்டரில் இன்ன குடும்பத்துக்கு இன்ன வடிவம் என்று கடைகளில் சொல்லப்படும் கதை, விற்பனைக்காகப் பிற்காலத்தில் வளர்ந்தது. இன்று நாம் அறியும் தோற்றம் உருப்பெற்றதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அந்தக் கதையை நம்பி வடிவத்தின் பெயரை மட்டும் படத்தின் கீழே எழுதுவதைவிட, பின்னியவரின் கை இறுக்கத்தையும் கண்ணிகளின் சீரையும் காட்டுவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். நெருக்கப் படத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

எஃப்/4 என்ற அபர்ச்சரை (ஒளி புகும் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்) பார்த்ததும் பலர் இந்த லென்ஸை ஒதுக்கிவிடுகிறார்கள். பின்னணி மங்கிக் கரைந்து நிற்கும் உருவப்படங்களுக்குப் பழகிய கண் அது. பின்னல் உடைக்கு வேண்டியது வேறு. 45 முனையில் எஃப்/4 வைத்து 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அதற்குள் முன்நெஞ்சும், தோள் இணைப்பும், சற்றே முன்னால் வந்த கைப்பட்டியும் அடங்கிவிடுகின்றன. அதே தூரத்தில் எஃப்/1.2 திறப்புள்ள 45 எம்.எம். லென்ஸை முழுவதும் திறந்து எடுத்தால் 7 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். கழுத்துப்பட்டி தெளிவாக இருக்கும்போது கைகள் பஞ்சாகக் கரைந்துபோகும். பின்னணியும் முழுக்க மறைய வேண்டியதில்லை. அரன் தீவுகளில் ஒன்றான இனிஷ் மோரின் சுண்ணாம்புக் கற்சுவர்கள் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்டவை. கற்களுக்கிடையே வெளிச்சம் ஊடுருவும் அந்தச் சுவரின் அடுக்கு ஓரளவு தெரிந்தால்தான் கேபிளும் தேன்கூட்டு வடிவமும் அதற்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கும். கூடுதல் ஆழம் வேண்டியபோது எஃப்/5.6 வரை போகிறேன். எஃப்/8ஐத் தாண்டினால் இந்தச் சிறிய சென்சாரில் நூலிழைகளின் கூர்மை குறையத் தொடங்கும்.

பின்னலின் மேடுபள்ளத்தைக் காட்டுவது பக்கவாட்டு ஒளிதான். எந்த லென்ஸாலும் அதை ஈடுகட்ட முடியாது. அரன் தீவுகள் ஏறத்தாழ 53 பாகை வடக்கே இருப்பதால் டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 13, 14 பாகை உயரம்தான் ஏறுகிறது. வானம் தெளிந்திருக்கும் ஒரு குளிர்கால நாள் வாய்த்துவிட்டால் பகல் முழுவதும் ஒளி சாய்வாகவே வந்து, ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பக்கம் நிழல் கொடுக்கும். ஜூனில் நிலைமை தலைகீழ்: நண்பகல் வெயில் 60 பாகை உயரத்திலிருந்து விழுந்து பின்னலைத் தட்டையாக்கிவிடும்; சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் மறைவதால் எட்டு மணிக்கு மேல் படமெடுக்கப் போவது நல்லது. ஆனால் கடைசிப் படகில் திரும்ப நினைப்பவருக்கு அந்த ஒளி கிடைக்காது. கோடையில் போகிறவர்கள் தீவில் ஒரு இரவாவது தங்க வேண்டும். மூடிய வானத்தில் நிறங்கள் அழகாக வரும், மேடுபள்ளம் மங்கும். வண்ண வண்ணமாகப் பின்னிய சால்வைகளை அந்த நாட்களுக்கு ஒதுக்கிவிட்டு, வெள்ளைக் கேபிள் ஸ்வெட்டரை வெயிலுக்காக வைத்திருப்பது என் வழக்கம்.

காற்று இங்கே ஓய்வதில்லை. சால்வையின் நுனியும் தளர்வான விளிம்பும் படபடத்துக்கொண்டே இருப்பதால் 1/500 நொடிக்குக் குறைவான ஷட்டர் வேகத்தை நான் நம்புவதில்லை. மேகம் மூடிய பகலிலும் எஃப்/4, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200 வைத்தால் அந்த வேகம் கிடைத்துவிடுகிறது. பொழுது சாயும்போது ஐ.எஸ்.ஓ. 1600ஐ எட்ட வேண்டியிருக்கும். நிழல்களில் புள்ளிகள் தலைகாட்டினாலும் கம்பளியின் சொரசொரப்பில் அவை அவ்வளவாக உறுத்துவதில்லை. லென்ஸுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது. கேமராவுக்குள் இருப்பது போதும். அதே கேமராவில் பல படங்களைச் சேர்த்து 50 மெகாபிக்சல் படம் உருவாக்கும் வசதியும் உண்டு. அசையும் உடைக்கு அது ஒத்துவராது. கற்பலகைமேல் மடித்து வைத்த ஸ்வெட்டருக்குப் பயன்படும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் ஒளியளவு விஷயத்தில் கேமராவின் கணிப்பை அப்படியே ஏற்கக் கூடாது. வெண்கம்பளி படத்தை நிறைத்திருக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டினால் உரிய வெண்மை வரும். கறுத்த ஈரப்பாறைகளுக்கு நடுவே சிறியதாக வெள்ளை ஸ்வெட்டர் நிற்கும்போது அதே கேமரா பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அங்கே குறைக்காவிட்டால் கண்ணிகள் வெளுத்து ஒரே வெள்ளைத் துணியாகிவிடும். மெல்லிய நூலில் நெருக்கமாகப் பின்னிய சட்டைகளைத் தூரத்திலிருந்து எடுக்கையில் கண்ணி வரிசையும் சென்சாரின் கட்டமும் மோதி அலையலையான பொய்க்கோலம் தோன்றும். ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்தாலோ ஜூமைச் சற்றுத் திருப்பினாலோ அது மறையும். நிறத்துக்காக ஒரு சாம்பல் அட்டையை எப்போதும் வைத்திருக்கிறேன், ஏனெனில் கடலும் வானமும் சேர்ந்து வெள்ளைக் கம்பளிக்கு நீலச்சாயல் பூசிவிடுகின்றன.

இடத்தைப் பொறுத்தவரை, அரன் தீவுகளில் இன்னொன்றான இனிஷ் ஈரின் கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் பிளாஸி கப்பல் எனக்கு மிகப் பிடித்த பின்னணி. 1960 மார்ச்சில் புயலில் பாறையில் மோதிய அந்தச் சரக்குக் கப்பலிலிருந்த அனைவரையும் தீவு மக்கள் கயிறு கட்டி மீட்டார்கள். அது ஏற்றி வந்த சரக்கில் நூலும் இருந்தது. செம்பழுப்புத் துருவுக்கு முன்னால் வெண்கம்பளியும் பாசிப்பச்சையும் துலங்குவதைப் போல வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் கூரிய தகட்டிலோ சுண்ணாம்புப் பாறையின் விளிம்பிலோ சாய்ந்து நிற்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு நூல் மாட்டி இழுபட்டால் ஒரு வரிசையே சுருங்கிவிடும். இனிஷ் மோரிலுள்ள டூன் ஏங்கஸ் கோட்டையின் செங்குத்துப் பாறை விளிம்பில் தடுப்புச் சுவரே இல்லை. அங்கே அணிந்திருப்பவரைப் பின்னால் நகரச் சொல்வதை அடியோடு விட்டுவிட்டு, படமெடுப்பவர் நிலத்தின் பக்கமாகப் பின்வாங்கி 45 முனையில் எடுப்பதே முறை. கடல் தானாகவே பின்னால் எழுந்து நிற்கும்.

தூசியும் நீர்த்துளியும் உள்ளே போகாதபடி லென்ஸின் இணைப்புகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. தூவானத்திலும் சாரலிலும் நான் பயன்படுத்தியவரை உள்ளே எந்தச் சேதமும் இல்லை. என்றாலும் உப்பைக் காயவிடக் கூடாது. தங்குமிடத்துக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடலையும் வளையங்களையும் துடைத்துவிட வேண்டும். முன்கண்ணாடிக்கு 58 எம்.எம். ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் துளியைத் துடைக்கும்போது மனம் பதறாது.

குறைகளும் உண்டு. இதே வரிசையிலுள்ள 12-40 எம்.எம். எஃப்/2.8 லென்ஸில் இருப்பதுபோல, வளையத்தைப் பின்னால் இழுத்ததும் கைமுறை ஃபோகஸுக்கு மாறும் வசதியும், பக்கவாட்டுப் பொத்தானும் இதில் இல்லை. ஜூம் வளையம் சிறியதாக இருப்பதால் தடித்த கையுறையோடு திருப்புவது சிரமம். விரல் நுனி திறந்த கையுறை போட்டுக்கொள்கிறேன். 12-40 வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை; அது 382 கிராம் எடையுள்ளதானாலும் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தருவதோடு நெருக்கத்திலும் இதைவிடச் சற்றுப் பெரிதாகக் காட்டுகிறது. 12-100 எம்.எம். எஃப்/4 லென்ஸ் தூரத்திலிருந்து எடுக்க அருமையானது, ஆனால் 561 கிராம் எடையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கற்சுவர்களைத் தாண்டித் தாண்டி நடப்பது எல்லோருக்கும் ஆகாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (இந்த லென்ஸ் பொருந்தும் சிறிய சென்சார் வகை) கேமரா ஏற்கெனவே கையில் இருந்து, பின்னிய உடைகளோடு காற்றிலும் ஈரத்திலும் நெடுந்தூரம் நடப்பவராக இருந்தால், உங்கள் முதல் லென்ஸாக இதையே வாங்குங்கள். அமெரிக்காவில் சுமார் 650 டாலருக்கு அறிமுகமான இது, பழையது வாங்கி விற்கும் கடைகளில் அதைவிடக் குறைந்த விலைக்கும் வருகிறது. அப்படி வாங்கும்போது ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருப்பிப் பார்த்து, பின்புற ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று கட்டாயம் கவனியுங்கள். அது கெட்டிருந்தால் கடற்கரையில் இந்த லென்ஸை நம்ப முடியாது.