மெண்டோசாவா, சிஸ்னேரோஸா? முதல்ல யாரைப் படிக்கலாம்?

இஸபெல்லா ராணி காலத்து ஸ்பெயினைப் படிக்க ஆரம்பிக்கிறவங்க மெண்டோசா, சிஸ்னேரோஸ்ங்கிற ரெண்டு கர்தினால்ல (கத்தோலிக்க திருச்சபையில போப்புக்கு அடுத்த நிலை பதவி) யார்கிட்ட தொடங்குறதுன்னு குழம்புறாங்க, நானும் அப்படித்தான் குழம்பினேன்.

பிறப்பு:
மெண்டோசா – 1428, குவாதலஹாரா, பெரிய பிரபு வீடு, அப்பா சாந்தில்யானா மார்க்கீஸ் (ஒரு பிரபு பட்டம்), நல்ல கவிஞரும்கூட.
சிஸ்னேரோஸ் – 1436, தொரெலகுனா, வசதி குறைஞ்ச குடும்பம்.

கர்தினால் ஆனது:
மெண்டோசா 1473. சிஸ்னேரோஸ் 1507, அப்போ வயசு எழுபதை ஒட்டி.

வாழ்ந்த விதம்: இங்கதான் விஷயமே இருக்கு. மெண்டோசா 1476 தோரோ போர்ல (இஸபெல்லாவோட அரியணைக்காக நடந்த சண்டை) இஸபெல்லா பக்கம் நேரடியா களத்துல நின்னவரு, ஸ்பெயினோட மூணாவது ராஜான்னே பேர் வாங்கினாரு, கல்யாணம் பண்ணக்கூடாத கத்தோலிக்க குருவா இருந்தும் மூணு பிள்ளைங்க, அவங்களை மறைக்காம சட்டப்படி வாரிசாவும் ஆக்கினாரு. சிஸ்னேரோஸ் பிரான்சிஸ்கன் துறவி, எளிமையில ரொம்ப கறார். ஆனா தெற்கு ஸ்பெயினோட கிரனாடாவுல முஸ்லிம்களைக் கட்டாயமா மதம் மாத்தினதும் அரபு நூல்களை எரிச்சதும் இவர்தான், அதை மன்னிக்க எனக்கு மனசு வரல.

விட்டுட்டுப் போனது:
மெண்டோசா – வல்லதோலித் சாந்தா குரூஸ் கல்லூரி, தொலேதோ சாந்தா குரூஸ் மருத்துவமனை (இப்போ மியூசியம்).
சிஸ்னேரோஸ் – அல்கலா பல்கலைக்கழகம், 6 வால்யூம் பன்மொழி பைபிள்.

அரண்மனை அரசியல், பிரபு குடும்பங்களோட செல்வாக்கு புரியணும்னா மெண்டோசா. திருச்சபை சீர்திருத்தம், கல்வி, அச்சுன்னா சிஸ்னேரோஸ். ரெண்டுமே வேணும்னா மெண்டோசாவையே முதல்ல எடுங்க, ஏன்னா 1492-ல சிஸ்னேரோஸை ராணிக்கு பாவசங்கீர்த்தன குருவா (பாவ அறிக்கையைக் கேக்குற குரு) சிபாரிசு பண்ணதே அவர்தான், 1495-ல அவர் இறந்ததும் தொலேதோ பேராயர் பதவியும் சிஸ்னேரோஸுக்குத்தான் போச்சு.