நான்கு சிலிண்டரிலும் ஒரே எண் வந்தால் தலையாட்டாதீர்கள்

சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்களிடம், "எஞ்சினைப் பிரித்துக் கட்டினால் இன்னும் நன்றாக இழுக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 5,40,000 ரூபாயும் ஐந்து மாதமும் போயின. பிறகு அதைச் சரிசெய்யத் தனியாக 68,000.

கார் 2006ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரெசர். 2019இல் கோயம்புத்தூரிலேயே ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கினேன். 1,796 சிசி, நான்கு சிலிண்டர், 163 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவதால் டர்போவைப் போலக் காத்திருக்க வேண்டியதில்லை, மிதித்த கணமே இழுக்கும். கூடவே மெல்லியதாக ஒரு சீழ்க்கை ஒலி வரும். அந்த ஒலிக்காகத்தான் வாங்கினேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். மறுக்க முடியவில்லை.

2023 ஆகஸ்டில் அந்தப் பட்டறைக்குப் போனபோது எஞ்சினைப் பிரிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. சூப்பர்சார்ஜரின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, கொஞ்சம் சிறிதாக்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்கத்தான் போனேன். புல்லியின் விட்டத்தை 15 சதவீதம் குறைத்தால் சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய 18 சதவீதம் வேகமாகச் சுழலும், அதிகக் காற்றை உள்ளே தள்ளும். ஆனால் இதற்கும் விலை உண்டு. அதைச் சுழற்றும் சக்தி எஞ்சினிடமிருந்தே போகிறது, அழுத்தப்பட்ட காற்றும் கூடுதலாகச் சூடாகிறது. சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கும். அதை உணர்ந்து எஞ்சினின் கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். சேர்த்த சக்தியில் பாதி மே மாத வெயிலில் அங்கேயே கரைந்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்ததுதான் என் கதை.

உரிமையாளர் பொறுமையாகக் கேட்டார். "முதலில் எஞ்சின் தாங்குமா என்று பார்த்துவிடலாம் சார்" என்றார். நியாயமான பேச்சு, எனக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அழுத்த மானியை வைத்துப் பார்த்தார்கள். 112, 110, 113, 111 பிஎஸ்ஐ. அவர் உதட்டைப் பிதுக்கினார். "ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது சார். இதில் புல்லியை மாற்றினால் ஒரே மாதத்தில் வெடித்துவிடும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து அழுத்தம் கசியாமல் காக்கும் வளையம். பிறகு திட்டம் விரிந்தது: ஃபோர்ஜ்டு (அடித்து வலுவாக்கிய) பிஸ்டன், புதிய ரிங், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குப் புதிய போல்ட், சிறிய புல்லி, கணினியில் மறுபதிவு. 230 குதிரைத்திறன் உறுதி என்றார். இதே 1.8 லிட்டர் எஞ்சினைத் தொழிற்சாலையே 143, 163, 192 என்று வெவ்வேறு அளவுகளில் விற்றிருக்கிறது. 230 என்று காதில் விழுந்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், கணக்கும் அறியாது போலிருக்கிறது.

மதிப்பீட்டை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, உதிரிபாக எண் இல்லை. "பிஸ்டன் செட்" என்று ஒரு வரி, அதற்கு எதிரே 1,60,000.

2024 ஜனவரியில் வண்டி வந்தது. கூடவே டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) சீட்டு இரண்டு. வேலைக்கு முன்பு 131, வேலைக்குப் பிறகு 198. 230 எங்கே என்று கேட்டதற்கு "ரிங் படிந்ததும் ஏறும்" என்றார். பிப்ரவரியில் காலையில் வண்டியை எடுக்கும்போது பின்னால் நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைந்தது. முதலில் 3,000 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார், பிறகு ஆயிலை மாற்றச் சொன்னார், அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

கோயம்புத்தூர் கணபதி பகுதியில் நாற்பது ஆண்டுகளாக எஞ்சின் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலை) செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஹெட்டைக் கழற்றியவர் டார்ச்சை அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (கல்லால் தீட்டும்போது விழுபவை) ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோல இருக்க வேண்டுமாம், அந்த வலைதான் ஆயிலைப் பிடித்துவைக்கும். என்னுடையதில் கோடுகள் ஏறக்குறைய படுக்கையாக, வளையல் அடுக்கியதுபோல இருந்தன. டிரில்லில் கல்லை மாட்டி ஒரே இடத்தில் சுற்றியிருக்கிறார்கள். பிறகு பிஸ்டன் ஒன்றை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். தலையில் தொழிற்சாலை முத்திரை. பக்கவாட்டில் இத்தனை ஆண்டு ஓட்டத்தின் மினுமினுப்பு. என் பழைய பிஸ்டனேதான். கரியைச் சுரண்டிவிட்டு அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். மைக்ரோமீட்டரில் நான்கையும் அளந்தார். தேய்மானம் அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது.

"அப்படியானால் அந்த 112?" என்று கேட்டேன். சோதனையின்போது நான் எடுத்த வீடியோ கைபேசியில் இருந்தது. பெருமைக்காக எடுத்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். பட்டறைப் பையன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே குனிந்து சாவியைத் திருப்புகிறான். அவன் இரண்டு கால்களும் தரையில் இருக்கின்றன.

"தம்பி, ஆக்சிலரேட்டரை யார் மிதித்தது?"

யாரும் மிதிக்கவில்லை. மிதிக்காவிட்டால் காற்று வழியிலுள்ள 'திராட்டில்' என்ற தடுப்பு மூடியிருக்கும், காற்று சரியாக உள்ளே போகாது, மானி குறைவாகத்தான் காட்டும். தேய்ந்த எஞ்சினில் நான்கு சிலிண்டரும் இப்படி ஒட்டிப் பிறந்தவைபோல ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம், ஒன்றிரண்டாவது கீழே இறங்கும் என்றார் அவர். எண்கள் குறைந்திருந்தால் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அப்போது ஏறினால்தான் ரிங்கைச் சந்தேகப்படலாம். அழுத்தக் காற்றை உள்ளே விட்டு எங்கே கசிகிறது என்று கேட்கும் சோதனையும் இருக்கிறது. இரண்டையும் எனக்குச் செய்யவில்லை.

டைனோ சீட்டை வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் சீட்டின் 131 சக்கரத்தில் அளந்தது. இரண்டாவதில் சக்கரத்தில் வந்தது 149தான். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் 25 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டு 0.75ஆல் வகுத்து, எஞ்சினின் சக்தி 198 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதே வகுத்தலை முதல் சீட்டுக்கும் போட்டால், கைபடாத என் பழைய எஞ்சின் 174 கொடுத்திருக்கிறது, தொழிற்சாலை சொன்ன 163ஐவிட அதிகமாக! ஆக உண்மையில் கூடியது சக்கரத்தில் 18. அதுவும் புல்லியும் கணினி மறுபதிவும் தந்தது. பிரிக்காமலேயே கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் அப்போது நான் யோசிக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நடந்த அன்றுதான் பல்லைக் காட்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் தாள் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு வழக்கறிஞர் பெருமூச்சு விட்டார். வங்கி வழியாக அனுப்பிய 3,00,000க்கு மட்டும் சான்று இருக்கிறது, மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்காததும் என் தவறு. "புதுப் பிஸ்டன் போட்டோம்" என்றவரிடம் பழையதைக் கொடுங்கள் என்று அன்றே கேட்டிருந்தால் அவரிடம் கொடுக்க எதுவும் இருந்திருக்காது.

பெரியவர் முறையாக ஹோன் செய்து, நல்ல ரிங் போட்டு, பழைய அளவுப் புல்லியையே மாட்டிக் கொடுத்தார். புகை நின்றுவிட்டது. கடைசியாக அழுத்தத்தை அளந்தபோது என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னார். 176, 181, 172, 178. வீடியோவை மட்டும் அழிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.