பாய்மரப் படகில் கடல் குமட்டல்: மும்பையில் பல பருவங்களாகப் பயன்படுத்திப் பார்த்தவை

மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகோட்டும் பருவம் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிறது. அந்த மாதங்களில் செம்பூரிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் சென்று நண்பர்களோடு படகேறுவது நெடுநாளைய வழக்கம். எனக்கு இயல்பிலேயே கடல் ஒத்துக்கொள்ளாது. சிறுவயதில் கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து வளைந்தாலே வயிறு புரட்டும். ஆகவே கடைகளில் விற்கும் மருந்துகளையும் பெரியவர்கள் சொன்ன கைவைத்தியத்தையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். கடல் மீது ஆசையிருந்தும் இந்த ஒரு காரணத்துக்காகவே கரையில் நின்றுவிடுகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

நம் உட்காதில் உள்ள சமநிலை உறுப்புகள் படகு ஏறுவதையும் இறங்குவதையும் விடாமல் மூளைக்குச் சொல்கின்றன. அதே நேரத்தில் கைப்பேசியையோ படகின் உட்சுவரையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசைவே இல்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் குமட்டல் பிறக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே மனிதருக்கு மிகவும் ஒவ்வாதது என்கிறார்கள். துறைமுகத்துக்குள் சிற்றலைகள் படகைத் தட்டிக்கொண்டிருக்கும் வரை உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், கொலாபாவின் தென்முனையில் உள்ள பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி அரபிக்கடலின் நீண்ட அலையில் படகு மெல்ல எழுந்து அமரத் தொடங்கியதும் வாயடைத்துப் போவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

மருந்துகளில் நான் அதிகம் பயன்படுத்தியது அவோமின் என்ற பெயரில் விற்கப்படும் 25 மில்லிகிராம் புரோமெதசின் தியோகிளேட். படகேறுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே அதை விழுங்கிவிட வேண்டும்; அதிகாலைப் பயணம் என்றால் முந்தைய இரவே போட்டுக்கொள்வது எனக்குப் பொருந்தியது. மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை தூக்கம். வாய் உலர்ந்துபோகும், கண் சொக்கும். காற்றின் திசைக்கேற்பப் பாயைத் திருப்பும்போது தலைக்கு மேலே வேகமாக வீசிச்செல்லும் பாய்த்தண்டுக்குக் குனிய வேண்டிய இடத்தில் அரைத்தூக்கம் ஆபத்தானது. எனவே மாண்ட்வா வரை விசைப்படகில் பயணியாகச் செல்கிறவர்களுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். படகை இயக்கும் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வேலை செய்ய வேண்டிய நாட்களுக்கு எனக்கு ஏற்றதாக அமைந்தது சின்னாரிசின். ஸ்டுஜெரான் என்று கேட்டால் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். இதையும் இரண்டு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். தூக்கம் இதிலும் உண்டு என்றாலும் என்னளவில் அது தாங்கக்கூடியது. மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடும் முதியவர்களுக்குப் பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் இது உண்டாக்கக்கூடும் என்பதால், அன்றன்றைய பயணத்துக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு அவசியம். கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது; இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் கூடவே கூடாது. எந்த மாத்திரையானாலும் முதன்முறையாகக் கடலில் சோதிக்காமல், வண்டி ஓட்ட வேண்டிய தேவையில்லாத ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே போட்டுப் பார்த்து, உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்வது மிகவும் நல்லது. மதுவோடு இவை சேரவே கூடாது.

வாந்தி என்றதும் நம் வீடுகளில் கை நீளும் ஓண்டான்செட்ரான் மாத்திரையைப் பலர் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கீமோதெரபிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் அது அருமையான மருந்து; அசைவினால் வரும் குமட்டல் வேறு நரம்புப் பாதையில் வருவதால், அதைத் தடுப்பதில் அது பெரிதாகப் பயன்படுவதில்லை. இதை மருந்துக்கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இஞ்சியை நான் விட்டதே இல்லை. ஊர்ப் பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பாவுக்கு இங்கே ஆலேபாக் என்ற மராட்டிய உறவு ஒன்று இருக்கிறது. சர்க்கரையும் காரமுமாக, நாக்கில் கரைய வெகுநேரம் பிடிக்கும். லேசான புரட்டலை அது அடக்குகிறது, தூக்கம் தருவதில்லை. பெரிய அலைக்கு அது மட்டும் போதாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்தும் கைப்பட்டையையும் பல காலம் அணிந்தேன். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. எனக்கு அதனால் தீங்கில்லை, குறிப்பிடும்படி நன்மையும் தெரியவில்லை.

உணவில் சொல்ல அதிகமில்லை. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது; மாட்டுங்காவில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் போதும்.

இத்தனை காலத்தில் மாத்திரைக்கு நிகராக, சில நாட்களில் அதைவிட மேலாக, உதவியது சுக்கான் பிடிப்பது. எங்களோடு வரும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கந்தேரித் தீவு நோக்கிச் சென்ற ஒருநாள், புதிதாக வந்திருந்த இளைஞர் கொட்டாவி விடத் தொடங்கினார். சற்று நேரத்தில் பேச்சு நின்றது. அடிக்கடி எச்சில் விழுங்கினார். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாகப் பூத்தது, தொட்டால் கை சில்லென்றிருந்தது. மற்றவர்கள் கீழே போய்ப் படுக்கச் சொல்ல, அண்ணாச்சி மட்டும், “தம்பி, உள்ள போகாத, கீழ குனியாத. இந்தா, சுக்கானைப் பிடி. தூரத்துல அந்த வெளக்கு தெரியுதுல்ல, அதையே பாத்து ஓட்டு” என்றார். கால்மணி நேரத்தில் இளைஞரின் முகத்துக்கு நிறம் திரும்பியது. காரோட்டுகிறவருக்கு மலைப்பாதையில் குமட்டாததற்கும் இதுவே காரணம்: அடுத்த அசைவை முன்கூட்டியே அறிந்து உடம்பு தயாராகிறது, கண்ணும் தொடுவானத்திலேயே நிற்கிறது. கொட்டாவி, எச்சில் ஊறுதல், வெளிறிய முகம், திடீர் மௌனம் ஆகியவற்றைக் கண்டவுடன் இதைச் செய்ய வேண்டும். வாந்தி வரும்வரை காத்திருந்தால் பலன் குறைவு.

அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் மாத்திரை விழுங்குவதில் பொருளில்லை. குமட்டல் முற்றும்போது வயிறு உள்ளிருப்பதைக் குடலுக்குத் தள்ளுவதே மந்தமாகிவிடுவதால், மருந்து அங்கேயே கிடந்து அடுத்த வாந்தியோடு வெளியேறிவிடும். அப்போது படகின் நடுப்பகுதியில், அசைவு குறைந்த இடத்தில், கண்களை மூடித் தலையை அசைக்காமல் படுக்க வைப்பதே சிறந்த சிகிச்சை. டீசல் வாடையும் வெயிலும் படாத, காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரை ஒரே மூச்சாகக் கொடுக்காமல் வாய்வாயாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுப்பவரைப் படகின் விளிம்புக்குத் தனியாக விடவே கூடாது; உயிர்காப்பு அங்கியோடு, ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, காற்று போகும் பக்கமாக அமர வைக்க வேண்டும். சோர்ந்து தள்ளாடுகிறவர் நீரில் விழுவதுதான் குமட்டலைவிடப் பெரிய ஆபத்து. நீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, பேச்சு குழறினால் பயணத்தை அத்தோடு நிறுத்திக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்; நிலைமை கைமீறினால் இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

பழக்கம் என்பதும் ஒரு மருந்துதான். தொடர்ந்து கடலிலேயே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடம்பு இசைந்துவிடுகிறது. வார இறுதியில் மட்டும் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு அது மெதுவாகத்தான் வருகிறது. மழைக்கால இடைவெளி அதில் பாதியை அழித்தும் விடுகிறது. அதனால்தான் அக்டோபரின் முதல் சில பயணங்களைக் காற்று மென்மையாக இருக்கும் காலை நேரத்தில், துறைமுகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். பிற்பகலில் வடமேற்குக் காற்று வலுக்கும் முன் கரைசேர்ந்துவிடுவோம். முழுவதும் பழகாதவர்களும் உண்டு: பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய டார்வினுக்குப் பயணத்தின் கடைசிவரை கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தகையவர்கள் ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டுக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கரையேறிய பின்னும் தரை ஆடுவதுபோல் இருப்பது இயல்பு. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கும். வாரங்கள் கடந்தும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையின் மயக்கமும் அன்று மாலைவரை எஞ்சியிருக்கும் என்பதால், படகுக்குப் போகும் நாளில் இரு சக்கர வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு ஹார்பர் ரயிலில் போய் வருகிறேன்.