பிரெட்னிசோலோனும் நானும்: பாலிமையால்ஜியா நோயில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பாலிமையால்ஜியா ருமாட்டிக்கா என்னும் அழற்சி நோய்க்காகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டாண்டுகளுக்கும் மேலாக எடுத்து வருகிறேன். இந்த மருந்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒன்று அமிர்தம் என்பார்கள், இல்லையென்றால் நஞ்சு என்பார்கள். தொடங்கிய வாரத்தில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அமிர்தம் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று கேட்டால், இதன் அளவை எவ்வளவு பொறுமையாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். மொரீஷியசில் ரோஸ்ஹில் பக்கம் வசிக்கிறேன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். இதே நோயோடு இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

இந்நோய் 50 வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கழுத்தும், இரு தோள்களும், இடுப்பைச் சுற்றிய தசைகளும் காலையில் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருப்பது இதன் முக்கிய அடையாளம். ரவிக்கையின் கொக்கியைப் போடவும், கொண்டையில் பூ வைக்கவும் எனக்குக் கை உயரவில்லை. முந்தானையைத் தோளில் எடுத்துப் போடுவதற்கு மகள் வந்து நிற்க வேண்டியிருந்தது. எங்கள் தீவில் மூட்டு வலி என்றதும், 2006இல் வீட்டுக்கு வீடு பரவிய சிக்குன்குன்யாவின் மிச்சம் அது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் சொல்லப்பட்டது. பிறகு ஓரிடத்தில் தோள் இறுகிப் போய்விட்டது என்று சொல்லி உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு தோளும் இடுப்பும் ஒரே காலத்தில் எப்படி இறுகும் என்று யாரும் யோசிக்காமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான். கடைசியில் ஒரு மூட்டு மருத்துவர் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொன்னார், இரண்டும் உயர்ந்திருந்தன. அவை உயர்ந்திருப்பது மட்டும் போதாது என்று, முடக்குவாதம், தைராய்டுக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொன்னார்.

காலை உணவுக்குப் பின் 15 மி.கி. என்று தொடங்கினார். 2015இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் 12.5 முதல் 25 மி.கி. வரை என்றே சொல்கிறது. சில நாட்களிலேயே தலையை நானே வாரிக்கொண்டேன். அந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஆனால் மாத்திரை அழற்சியை அடக்குகிறதே தவிர, நோயை வேரோடு எடுப்பதில்லை. நோய் தானாக அடங்கும் வரை, அது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல், மருந்தின் துணை வேண்டும். நன்றாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள்.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாள்தோறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதே வேலையைச் செய்யும் பொருள் வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், அச்சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். இங்கே பல மாதங்கள் இறைக்காமல் விட்ட கிணறு மீண்டும் ஊறுவதற்குக் காலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே 10 மி.கி.க்கு இறங்கிய பிறகு, 4 வாரங்களுக்கு ஒருமுறை 1 மி.கி. என்ற வேகத்தில் குறைப்பது வழக்கம். எனக்கு 1 மி.கி. மாத்திரை எல்லா வேளையிலும் கிடைக்கவில்லை. அதனால் மருத்துவர், 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக்கி, ஒரு நாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றி எடுக்கச் சொன்னார், சராசரி 8.75 ஆகிறது. மாத்திரையின் நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைப்பது எளிது. குடலில் மட்டும் கரைவதற்காக மேற்பூச்சு இட்ட வகையை உடைக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

சுமார் 6 மி.கி. அளவில் எனக்கு வலி திரும்பியது. அது நோய் மீண்டும் எழுந்ததா, மருந்து குறைந்ததால் உடல் காட்டும் தவிப்பா என்று பிரித்தறிவதற்கு மருத்துவர் சொல்லித் தந்தது மிகவும் உதவியது. அளவைக் குறைத்த ஓரிரு நாளில் உடம்பு முழுவதும் நோவும் சோர்வும் வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்தால், அது பெரும்பாலும் தவிப்பு. காலை இறுக்கம் பழைய இடங்களில், அதாவது தோளிலும் இடுப்பிலும் தொடங்கி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அது நோய். எனக்கு வந்தது நோய்தான்; சி.ஆர்.பி.யும் ஏறியிருந்தது. வலியில்லாமல் இருந்த முந்தைய அளவுக்குத் திரும்பி, அங்கே சில வாரங்கள் தங்கி, முன்னிலும் மெதுவாக இறங்கினேன். இப்படி ஏறி இறங்குவது இந்நோயில் மிகச் சாதாரணம். மனம் தளர வேண்டியதில்லை.

சர்க்கரையைப் பற்றி மொரீஷியசில் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீரிழிவு இல்லாத குடும்பத்தை இத்தீவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன் இரத்தச் சர்க்கரையைப் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் உயர்த்துகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். என் காலை அளவுகள் ஒழுங்காக இருந்தபோதே, மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் ஏற்றம் தெரிந்தது. கூடவே இந்த மருந்து தரும் பசி சாதாரணப் பசி அன்று. மாலையில் தெருமுனை வண்டியில் தால் பூரி சுடும் மணம் வந்தால் கால் தானாக அங்கே போகும். அந்த நேரத்துக்கு வேகவைத்த கடலையையும் வெள்ளரிக்காயையும் கையில் தயாராக வைத்துக்கொள்வதே எனக்குப் பலன் தந்தது.

எலும்புக்காக வைட்டமின் டி, கால்சியம், அதோடு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் தந்தார்கள். இந்தக் கடைசி மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் உண்ணாமலும் இருக்க வேண்டும். தேநீருடன் எடுத்தால் பயனில்லை. கண் அழுத்தத்துக்கும் கண்புரைக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்கிறேன். முகம் உப்பிப் போனது, தூக்கம் கெட்டது, அற்பக் காரணத்துக்கு அழுகை வந்தது எல்லாம் அளவு 10க்குக் கீழே போனபின் மெல்லச் சரியாயின.

நாட்டு மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என் அக்கா அன்போடு அதிமதுரக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ஸ்டீராய்டின் வேலையையும் உடலில் கூட்டிவிடும். "அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்க மாட்டேன்" என்றேன். அவர் புரிந்துகொண்டார். மஞ்சள் பால் வைத்துத் தந்தார்; அதைக் குடித்தேன். அதேபோல, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை ஸ்டீராய்டோடு சேர்த்து எடுத்தால் இரைப்பைப் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது.

தைப்பூசக் காவடிக்கு முன் விரதம் இருக்கும் நாட்களில் சைவ உணவு உண்பதில் தடை ஏதும் இல்லை. ஆனால் காவடி நாளன்று வெறும் வயிற்றோடு மாத்திரையை விழுங்கவோ, மாத்திரையைத் தவிர்க்கவோ நான் சம்மதிப்பதில்லை. கொஞ்சம் பாலும் பழமும் உண்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டே பால்குடம் எடுத்தவர்களுடன் நடந்தேன். அது புயல் காலமும்கூட. மூன்றாம், நான்காம் எச்சரிக்கை வந்துவிட்டால் கடையும் இல்லை, பேருந்தும் இல்லை. ஆகவே நவம்பரிலிருந்தே குறைந்தது ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை வீட்டில் கூடுதலாக வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிவைத்திருக்கிறேன். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்காக உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்ற சீட்டு என் பணப்பையில் எப்போதும் இருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும் காட்டுகிறேன்.

இந்நோய் உள்ளவர்களில் சிலருக்குத் தலையின் தமனிகளிலும் அழற்சி வரும். புதிதாக வரும் தலைவலி, நெற்றிப்பொட்டில் தொட்டால் நோவு, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் அல்லது இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். அதற்குத் தேவைப்படும் ஸ்டீராய்டு அளவும் மிக அதிகம்.

அளவைக் குறைக்கவே முடியாதவர்களுக்கு, நோயெதிர்ப்பு வினையைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. 2023இல் சாரிலுமாப் என்ற ஊசி மருந்துக்கும் இந்நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனக்கு இதுவரை அவை தேவைப்படவில்லை. இப்போது 3 மி.கி.யில் இருக்கிறேன். அடுத்த முறை காலை 8 மணி அளவில் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்த்து, சுரப்பி விழித்திருக்கிறது என்று தெரிந்தால்தான் 2.5க்கு இறங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.