புது சைக்கிள் கடையா, பழைய சைக்கிள் பட்டறையா?

கடையில் புதிதாக வாங்கும்போது ஏறி உட்கார்ந்து, உயரம் சரிதானா என்று பார்க்கலாம். முதல் மாதத்தில் பிரேக் கம்பி இளகும், ஸ்போக்ஸ் தளரும்; பெரும்பாலும் விற்றவரே சரிசெய்து தருவார். பில்லும் கையில் இருக்கும்.

பழையதைப் பட்டறையில் வாங்கினால் விலை நன்றாகவே குறையும். ஆனால் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். ஃப்ரேமில் பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புது பெயிண்ட் என்றால் காரணம் கேளுங்கள். வீலைத் தூக்கிச் சுற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். கோட்டம் எடுப்பது சின்ன வேலை, ஃப்ரேம் விரிசல் அப்படியல்ல. செயினை ஸ்கேலால் அளந்து பாருங்கள்: 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் (1/8) அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பிரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பற்களும் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பெரும்பாலும் பெடல் தண்டு ஃப்ரேமில் நுழையும் இடத்துக்கு அடியில் ஃப்ரேம் எண் இருக்கும். அதைச் சுரண்டி அழித்திருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், வாங்கவே வாங்காதீர்கள்.

வளரும் பிள்ளைக்கு நான் பழையதைத்தான் சொல்வேன், இரண்டே வருடத்தில் உயரம் பற்றாமல் போய்விடும். தினமும் வேலைக்கு ஓட்ட கியர் வண்டி என்றால் புதிதே நல்லது. கியர் இல்லாத கறுப்பு இரும்பு வண்டி வேண்டுமென்றால் தயங்காமல் பட்டறைக்குப் போங்கள், அதற்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும்.