14 மாசமா ஓட்டுற எக்சர்சைஸ் சைக்கிள், வாங்கலாமான்னு கேட்டா

கோத்தகிரில இருக்கற சித்தி பொண்ணு நேத்து ராத்திரி ஒரு லிங்க் அனுப்பி "அக்கா, நீ வச்சிருக்கறது இதானே, 8,900க்கு போட்டிருக்கான், வாங்கட்டுமா"ன்னு கேட்டா. நான் போன வருஷம் இதையே 11,500 குடுத்து வாங்கினேன். அதுலயே பாதி கோவம். மீதி கோவம் போன வாரம் ரிப்பேருக்கு தண்டம் அழுத 1,450. அதனால எழுதறதுல கொஞ்சம் காரம் இருந்தா பொறுத்துக்கோங்க.

மிதிக்கறத கஷ்டமாக்க மேக்னட் வச்சது, எட்டு லெவல், அதெல்லாம் லிங்க்லயே இருக்கு. இல்லாதத சொல்றேன். எங்க வீடு குன்னூர்ல ரோட்டுக்கு கீழ 84 படி இறங்கணும். டெலிவரிக்கு வந்தவர் பெட்டிய ரோட்டோரமா இறக்கி வச்சுட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டார். ரெண்டு பேரை கூப்பிட்டு 600 ரூபா குடுத்து கீழ இறக்கினேன். அதுல வயசானவர் பெட்டில இருந்த படத்தை பாத்துட்டு, "தினமும் இத்தனை படி ஏறி எறங்கறீங்க, உங்களுக்கு எதுக்கும்மா சைக்கிளு"ன்னாரு. நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வரல.

பதில் என்னன்னா வெக்கம். தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல இலைக் கணக்கு எழுதற வேலை, காலைல உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். சுகர் மூணு மாச ஆவரேஜ் 6.1 வந்துச்சு, பார்டர்ல இருக்கு, நடங்கன்னாரு டாக்டர். புது ஷூ போட்டுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சிம்ஸ் பார்க் போனேன், உள்ள போயி பத்தடி வைக்கல, ஆபீஸ்காரர் ஒருத்தர் குடும்பத்தோட எதிர்ல வந்து "என்ன, டாக்டர் சொல்லிட்டாரா?"ன்னு சிரிச்சாரு. அவ்வளவுதான், ஷூ பெட்டிக்குள்ள போயிருச்சு. அப்புறம் யார் கேட்டாலும் "காலைல காட்டெருமை நிக்குது"ன்னு சொல்லிருவேன். நிக்கவும் நிக்கும், கரடியும் வரும், பொய் இல்ல. ஆனா குன்னூர்ல வாக்கிங் போகாம இருக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது, ஒருத்தரும் மறுத்துப் பேச மாட்டாங்க.

சரி, வீட்டுக்குள்ளயே ஓட்டினா யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான் வாங்கினது. வாங்கின மொத மூணு வாரம் அது துணி காயற ஸ்டாண்டு. மழைல எங்க ஊர்ல ஸ்வெட்டர் காயறதுக்கு மூணு நாள் ஆகும், ஹேண்டில்ல ரெண்டு, சீட்ல ஒண்ணுன்னு அருமையா பிடிச்சுக்கும். அந்த விஷயத்துல அஞ்சுக்கு அஞ்சு.

ஒருநாள் காஞ்ச துணிய எடுக்கும்போது சும்மா ஏறி உக்காந்தேன், நைட்டி, மேல ஸ்வெட்டர், தலைல குல்லா. நாலு நிமிஷம். தொடை நடுங்கிருச்சு. அதுவரைக்கும் என் மனசுல, செஞ்சா அரை மணி நேரம் சேந்தாப்ல செய்யணும், இல்லன்னா செய்யவே கூடாதுன்னு ஒரு எண்ணம். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்ங்கறதுதான் உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. முன்னாடி ஒரு தடவைக்கு குறைஞ்சது பத்து நிமிஷமாவது இருக்கணும்ன்னு அதுல இருந்துச்சு, 2020ல அதை எடுத்துட்டாங்க, எத்தனை நிமிஷமா இருந்தாலும் கணக்குல சேரும். இதை படிச்சப்பதான் என் நாலு நிமிஷத்துக்கும் மரியாதை வந்துச்சு. ஒரு வாரம் நாலு, அடுத்த வாரம் ஆறு, அப்படியே ஏத்தினது. வேகத்துக்கு ஸ்கிரீனை பாக்கறதில்ல, எடை எவ்வளவுன்னே கேக்காம கலோரி காட்டற டப்பா அது. ஓட்டிக்கிட்டே பையனுக்கு வாய்ப்பாடு சொல்லுவேன், பேச முடியணும், பாட்டு பாட வரக்கூடாது, அதான் சரியான வேகம்.

இப்ப சத்தத்துக்கு வரேன். ரெண்டாவது மாசத்துல இருந்து இடது பெடல் கீழ போகும்போதெல்லாம் ஒரு "கொய்ங்... டொக்". ஒவ்வொரு சுத்துக்கும். லைன் வீடு, செவுரு எல்லாருக்கும் பொது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வாங்கின சாமான், காலைல ஆறு மணிக்கு தெருவுக்கே தண்டோரா போட்டுச்சு. தேங்காண்ணெய் விட்டேன், துணி சுத்தினேன், ஸ்பேனரை வச்சு வாரா வாரம் முறுக்கினேன், முறுக்க முறுக்க ஜாஸ்தியாச்சு. கம்பெனிக்கு போன் போட்டா "கஸ்டமர் வீட்டில் இல்லை"ன்னு மூணு தடவை கம்ப்ளைண்ட்டை மூடினாங்க, மலைக்கு யார் வர்றதுன்னு இருந்திருக்கும்.

கடைசில கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்தாரு. பெடலை கழட்டி வெளிச்சத்துல காட்டினாரு, மரை பூரா தேஞ்சு அரிசி நொய் மாதிரி இரும்புத்தூள் கொட்டுது. "அக்கா, இடது பெடலுக்கு மரை உல்ட்டா, இடப்பக்கம் திருப்பினாதான் இறுகும், நீங்க இத்தனை மாசமா லூஸ் பண்ணிருக்கீங்க." பெடல் நுனில எல், ஆர்ன்னு எறும்பு சைஸ்ல எழுதிருக்கு, அதையும் காட்டினாரு. சாதா சைக்கிள்லயும் அப்படித்தானாம், இல்லன்னா மிதிக்க மிதிக்க தானா கழண்டுக்குமாம். சரி, தப்பு என்னுதுதான். ஆனா அதை பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டா குறைஞ்சா போயிருவாங்க? பெடல் மாட்டற இரும்புக் கையும் பெடலும் புதுசு மாத்தினதுலதான் 1,450.

இப்ப சத்தமே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு கீழ்வீட்டு அக்கா படில பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன கண்ணு, சைக்கிள வித்துட்டியா?"

"இல்லைங்க்கா, ரிப்பேர் பண்ணிட்டேன்."

"அட, அந்த சத்தம் கேட்டாத்தான் நான் பால அடுப்புல வெப்பேன். ரெண்டு நாளா லேட்டு."

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா சத்தம் போன இந்த ஒரு வாரத்துல மூணு நாள் ஓட்டல, ஒருத்தரும் ஏன்னு கேக்கல. முன்னாடி ஒருநாள் விட்டாலே "ஒடம்பு சரியில்லையா"ன்னு செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அதுக்கு பயந்தே ஓட்டிருக்கேன் போல.

14 மாசத்துல எடை ரெண்டு கிலோதான் குறைஞ்சது. சுகர் 5.8. முன்னாடி 84 படில மூணு இடத்துல நிப்பேன், இப்ப அந்த பேரிக்காய் மரத்துகிட்ட மட்டும் ஒரு தடவை, அதுவும் காய் விழுந்திருக்கான்னு பாக்க. ஹேண்டில் ஈரத்துல துரு பிடிச்சிருச்சு. சீட் கல்லு, தலகாணி கட்டித்தான் ஓட்டறேன்.

அதனால வாங்காதடி. இந்த விலைக்கு இது தேறாது, அந்த கம்பெனிக்காரனுக்கு நம்ம குடும்பத்துல இருந்து இன்னொரு பைசா போகக்கூடாது. அப்படியும் வாங்கித் தொலைச்சீன்னா இடது பெடல்ல மட்டும் கை வைக்காத, ஞாயித்துக்கிழமை நான் வந்து மாட்டித்தரேன்.