கொக்கு வெண்கலமில்லை, ரசீதும் பொய் சொல்லவில்லை

போன சனிக்கிழமை, வெண்கலம் என்று நம்பி நான் ஒரு கொக்குச் சிலை வாங்கிய கடையின் சன்னலில் அதே கொக்கைப் பார்த்தேன். ஆமை முதுகில் நின்றுகொண்டு, கழுத்தை வளைத்து, அலகில் தாமரைத் தண்டைக் கவ்வியபடி, என் வீட்டில் இருப்பதன் இரட்டைப் பிறவி. அதனால்தான் எழுதுகிறேன். பாரிஸில் யாராவது பழைய வெண்கலச் சிலை வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

இந்தப் பித்து எனக்குப் பிடித்தது பாரிஸின் ஆசியக் கலைக்கான செர்னுஸ்கி அருங்காட்சியகத்தில். (நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம், என் ஞாயிறுகள் பாதி அங்கேதான்.) அதை உருவாக்கிய செர்னுஸ்கி 1871இல் ஆசியப் பயணம் கிளம்பி, ஜப்பானின் மெகுரோவிலிருந்து நாலு மீட்டருக்கும் அதிக உயரமான புத்தரையே வாங்கிக்கொண்டு வந்தவர், சேர்த்ததையெல்லாம் 1873இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அந்தக் காலத்தில்தான் பார்பெதியென், கிறிஸ்தோஃபில் போன்ற பட்டறைகள் ஜப்பானியக் கொக்கையும் மூங்கிலையும் டிராகனையும் தங்கள் வார்ப்புகளில் இறக்கின. முழு ஜப்பானும் இல்லை, முழு பிரெஞ்சும் இல்லை, அந்த இரண்டுங்கெட்டான் அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைக்காரருக்கும் அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இந்தக் கொக்கு ஒரு பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம், 1878 உலகக் கண்காட்சிக்குப் போன உருவமாம். 38 சென்டிமீட்டர் உயரம், விலை 1,400 யூரோ. பார்பெதியென் பெயர் பொறித்திருந்தது. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது, மேசை கீறாமலிருக்க என்றார், தலையாட்டினேன். 1,250க்குப் படிந்தது. பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் ரசீதைக்கூட வாசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் துடைக்கும்போது ஆமை ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளே வெண்கலத்தின் மஞ்சள் இல்லை, ஈயம் மாதிரிச் சாம்பல் வெள்ளை. பச்சைத் துணியைப் பிய்த்தேன், அங்கேயும் அதே சாம்பல். ஏலம் நடத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நகத்தால் ஒரு தட்டு தட்டினார், கணீரென்று கேட்கவில்லை, சொத்தென்று ஒரு சத்தம். "ரெகுல்" என்றார். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே வெண்கல நிறம் ஏற்றுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்தார்கள்தான், ஆனால் இதற்கு அந்த வயதுகூட இல்லை, நூறு யூரோ கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார். காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரிக்காமலிருக்க நிறையச் சிரமப்பட்டார். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், துத்தநாகத்தை அல்ல.

அப்புறம்தான் ரசீதை எடுத்துப் பார்த்தேன். "வெண்கல நிறமேற்றிய உலோகம், தான் லெ கூ து பார்பெதியென்." அதாவது பார்பெதியென் ரசனையில் அமைந்தது. வாயால் சொன்ன எதுவும் அதில் இல்லை. 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணைப்படி அந்தச் சொற்கள் செய்தவர் யார், எந்தக் காலம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நேராகப் பட்டறையின் பெயரையும் காலத்தையும் எழுதியிருந்தால் கடைக்காரர் மாட்டியிருப்பார், அதனால்தான் எழுதவில்லை.

ஆனால் அதே ஆணை, அது நடைமுறைக்கு வந்த பிறகு மூலக் கலைப்படைப்பைப் பார்த்துச் செய்த நகலில் "ரெப்ரொதுக்சியோன்" என்று அழியாதபடி பொறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. என் கொக்கில் எங்கே தேடியும் அது இல்லை. இதை வைத்துத்தான் இப்போது மல்லுக்கட்டுகிறேன். இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளில் திருப்பியிருக்கலாம், கடைக்குப் போய் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. நேரில் கேட்டபோது, வேறு ஏதாவது வாங்கினால் 200 யூரோ கழித்துக்கொள்கிறேன் என்று பெரிய மனது காட்டினார்.

நீங்கள் போனால் துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், மறைவான இடத்தில் ஊசியால் கீறிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள், "வெண்கலம்" என்ற ஒற்றைச் சொல்லும் காலமும் ரசீதில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவுத் தபால் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அவர் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் வரவில்லை. சன்னலில் இருக்கும் கொக்குக்கு 1,600 போட்டிருக்கிறார்.